சிறுத்தையின் வலது காது

செய்தி வந்தபோது காலை ஆறரை மணி. அன்று எங்கள் தெருவில் குடிதண்ணீர் வரும் நாள். மதினி குழாயடியில் குடத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். நிறைந்த குடங்களை நான் உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படி மேடையில் கிடந்த என் போன் அடித்தது. இசக்கிமுருகன் என்று பெயர் காட்டியது. மலையடிவாரத்தில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருப்பவர். அண்ணனுக்குச் சிக்னல் கிடைக்காதபோது அவர்தான் எங்களுக்குப் பேசுவார். சாப்பிட்டாச்சு, கிளம்பியாச்சு என்பதைத் தவிர வேறு எதையும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, அண்ணாச்சி எந்திரிக்க மாட்டுக்காவ" என்றார்.

எழுப்பிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"உக்காந்த மேனிக்கே இருக்காவ அக்கா. கை கேமரா மேல இருக்கு. தொட்டா சில்லுன்னு இருக்கு."

குழாயடியிலிருந்து மதினியின் குரல் வந்தது. "யாரு வேணி, உங்க அண்ணனா? வாரப்ப எலுமிச்சம்பழம் வாங்கியாரச் சொல்லு. ஊறுகா தீந்து போச்சு."

நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். குடம் நிறைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. தண்ணீரை வீணாக்குகிறோம் என்று எதிர்வீட்டு அம்மா சத்தம் போட்டார். மதினி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் பெயர் தங்கப்பாண்டி. கோவில்பட்டியில் கல்யாண வீட்டுக்குப் படம் எடுத்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்ன ஸ்டூடியோ அவருடையது. அதற்கு வேணி ஸ்டூடியோ என்று என் பெயரை வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் மதினி அந்தப் போர்டைப் பார்க்கும்போதெல்லாம், "பொண்டாட்டி பேரு செல்வலட்சுமின்னு நீளமா இருக்குல்லா, பெயின்ட் செலவு கூட ஆயிரும்னு தங்கச்சி பேர வச்சிட்டாவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அண்ணன் சிரித்துக்கொள்வாரே தவிர போர்டை மாற்றவில்லை.

எங்களுக்கு இடைசெவலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கரிசல் இருந்தது. மழை பெய்தால் பருத்தி வரும். பெய்யாவிட்டால் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போவாள். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் என்னையும் கூட்டிப் போயிருந்தாள். குச்சி அடுக்கியிருந்த ஒரு தட்டு பற்றிக்கொண்டது. என் இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது. கன்னத்தில் தழும்பு. யாரையும் குறை சொல்ல எதுவுமில்லை. அம்மா அதன் பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை.

அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிக்கப் போனார். பிலிம் போய் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் பயந்தார்கள். அண்ணனுக்கு அதில்தான் கை ஓடியது. முகத்தில் இருக்கிற மச்சத்தை எடுப்பது, அம்மைத் தழும்பை மறைப்பது, கறுத்த நெற்றியைத் தெளிவாக்குவது, இதையெல்லாம் எங்கள் பக்கம் டச்சிங் என்பார்கள். கண்ணாடி முன் நின்று பொட்டைச் சரிசெய்கிற அளவுக்கு இயல்பாக அண்ணன் அதைச் செய்வார். எதிர் வரிசையில் ஸ்டூடியோ வைத்திருந்த செண்பகராஜ் அண்ணாச்சி தொழிலில் போட்டிக்காரர். ஆனாலும் பெண் பார்க்க அனுப்புகிற போட்டோ என்றால் அண்ணனிடம்தான் கொடுத்தனுப்புவார். தங்கப்பாண்டி கை பட்டால் முகூர்த்தம் நிச்சயம் என்று ஊரில் கேலியாகவும் சொல்வார்கள், உண்மையாகவும் சொல்வார்கள்.

அவர் அதைக் கற்றுக்கொண்டது என் முகத்தை வைத்துத்தான். நல்லபடியாக இருக்கிற என் வலது காதைப் பிரதி எடுத்து, இடம் வலமாகத் திருப்பி, இடது பக்கம் வைத்து, ஓரங்களைத் தேய்த்து முடியோடு சேர்த்துவிடுவார். கல்லூரி அடையாள அட்டை, வாக்காளர் அட்டைக்குக் கொடுத்த படம், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய முழு உருவப் படம் எல்லாவற்றிலும் எனக்கு இரண்டு காதும் இருந்தன. அந்த முழு உருவப் படத்தைப் பார்த்துவிட்டு கயத்தாறிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள். கிளம்பும்போது வாசலில் அந்தப் பையனின் அம்மா அண்ணனிடம், "போட்டோ நல்லா எடுக்கீக தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அன்று இரவு சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

ஸ்டூடியோவில் இன்னொரு பழக்கமும் இருந்தது. அதைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். ஒருமுறை ஒரு பெண்ணின் உதட்டோரத்து வெண்புள்ளியை மறைத்து அண்ணன் படம் கொடுத்திருந்தார். ஆல்பம் அடிக்கிற இடத்தில் தவறிப்போய் மறைக்காத பழைய படம் ஏறிவிட்டது. ஆல்பத்தைத் திறந்ததும் மாப்பிள்ளை வீட்டில் சண்டை. அந்தப் பெண் அழுதுகொண்டே ஸ்டூடியோ படியேறி வந்தாள். அன்றிலிருந்து அண்ணன் ஒரு படத்தைச் சரிசெய்தால் பழையதன் மேலேயே சேமித்துவிடுவார். கேமராவில் இருக்கும் கார்டையும் மறுநாள் விசேஷத்துக்குள் அழித்துவிடுவார். பழைய முகம் எங்கேயும் மிஞ்சக் கூடாது என்பது அவர் எண்ணம். அதைப் பெரிய மரியாதையாக நினைத்திருந்தார். வாடிக்கையாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

சிறுத்தை அவர் வாழ்க்கையில் வந்தது ஒரு கல்யாண ஜோடியால். கல்யாணம் முடிந்ததும் மலையடிவாரத்தில் போய்ப் படம் எடுப்பது அப்போது எல்லோருக்கும் ஆசையாகியிருந்தது. புளியங்குடிக்கு மேற்கே ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக்கு ஒரு ஜோடியை அழைத்துப்போயிருந்தார். தோட்டத்துக்கு அடுத்து ஓடை, ஓடைக்கு அப்பால் காட்டு எல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் பம்ப்செட் அறையில் உடை மாற்றப் போயிருந்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பாறையில் வெயில் அசைந்ததுபோல் இருந்ததாம். பார்த்தால் சிறுத்தை. படுத்திருந்தது. அண்ணனைப் பார்த்தது. பிறகு எழுந்து, அவசரமில்லாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். "கேமரா கழுத்துல கெடக்கு வேணி. கை வரல. இத்தனை வருசமா எல்லா மூஞ்சியும் எனக்காவ சிரிச்சுது. அதுக்கு நான் ஒரு ஆளாவே தெரியலட்டி."

அவமானப்பட்டவர் சொல்கிற மாதிரி இல்லை. சந்தோஷமாகச் சொன்னார்.

எங்கள் கரிசலில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஒரு நாய் வந்தால்கூட வெகு தூரத்திலேயே தெரியும். மழை பெய்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் நாளில் மட்டும் மேற்கே மலை நீலக்கோடாகத் தெரியும். சின்ன வயதில் அதை நாங்கள் மேகம் என்றே நினைத்திருந்தோம். அந்தக் கோட்டுக்குள் இப்படி ஒன்று படுத்திருக்கிறது என்பதை அவரால் மறக்க முடியவில்லை. பழைய லென்ஸ் ஒன்றை, முழங்கை நீளம் இருக்கும், யாரிடமோ வாங்கினார். விசேஷம் இல்லாத சனிக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாக அந்தத் தோட்டத்துக்குப் போவார். காட்டுக்குள் போக அனுமதி கிடையாது. அதனால் தோட்டக்காரரிடம் கேட்டு, பம்ப்செட் அறை ஜன்னலில் சாக்கைக் கட்டி, அதன் ஓட்டை வழியாகப் பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்புவார். மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் அப்பிக்கொள்ளும். அப்போது பஸ்ஸில் போவார்.

மதினிக்கு இது பிடிக்கவில்லை. "மாவு மில்லுக்குப் போங்கன்னா முட்டி வலிக்கும்பாவ. பூனையப் பாக்கணும்னா சங்கரன்கோவிலத் தாண்டிப் போவாவ" என்பாள். ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் புளிச்சாதம் கட்டிக்கொடுக்காமல் இருந்ததில்லை.

இசக்கிமுருகன் அங்கே பழக்கமானவர்தான். முதலில் அண்ணனை விரட்டத்தான் வந்தார். ஓடையைத் தாண்டாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு, சுற்றுக்குப் போகும்போது எட்டிப் பார்த்துப் பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார். அந்தச் சிறுத்தை பெண். அதன் வலது காது பாதி கிழிந்து தொங்காமல் அறுந்தே போயிருந்தது. ஏதோ சண்டையிலோ வேலிக் கம்பியிலோ போயிருக்க வேண்டும். காவலர்கள் அதைக் கிழிகாதி என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு மழைக்காலம் கழித்து அண்ணனுக்குப் படம் கிடைத்தது. சாயங்கால வெளிச்சம், பாறை, அதன்மேல் முன்னங்கால்களை நீட்டி நேராகப் பார்க்கிற முகம். நான் வேலை முடிந்து ஸ்டூடியோவுக்குப் போனபோது கம்ப்யூட்டரில் அது பெரிதாக இருந்தது. கண் இரண்டும் தேன் நிறத்தில் இருந்தன. வலது காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிழிசல். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வேலையைத் தொடர்ந்தார். இடது காதைப் பிரதி எடுத்தார். திருப்பினார். வலது பக்கம் வைத்தார். ஓரங்களைத் தேய்த்தார். எனக்குச் செய்வதைப் போலவே. பிறகு எப்போதும்போல் பழையதன் மேலேயே சேமித்தார். மறுநாள் ஒரு சடங்கு வீடு இருந்தது. கார்டை அழித்து கேமராவில் போட்டு வைத்தார்.

சென்னையில் ஒரு அமைப்பு காட்டுயிர்ப் படங்களுக்குப் போட்டி நடத்தியது. அண்ணன் அந்தப் படத்தை அனுப்பினார். கடைசிச் சுற்றுவரை போயிற்று. ஸ்டூடியோ வாசலில் செண்பகராஜ் அண்ணாச்சி ஒரு கிலோ அல்வாவோடு வந்து நின்றார். "ஏலே, புலியையும் மணமேடையில ஒக்கார வச்சிட்டியேலே" என்றார். அடுத்த வாரம் போட்டி நடத்தியவர்கள் அசல் கோப்பைக் கேட்டு எழுதினார்கள். இரண்டு காதும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இருப்பதாகவும், வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும்போது வலது காதின் நிழல் தப்பான பக்கம் விழுவதாகவும் ஒருவர் கவனித்திருந்தார்.

அண்ணன் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. காது கிழிந்திருந்தது, பார்க்க நன்றாக இல்லை, சரிசெய்தேன், பழைய படத்தை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்று என்னிடம் சொல்லி எழுதி அனுப்பச் சொன்னார். பதில் மரியாதையாகத்தான் வந்தது. அசல் இல்லாததால் படம் விலக்கப்படுகிறது என்றும், அது காட்டில் எடுக்கப்பட்டதுதானா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை என்றும் இருந்தது. அந்தக் கடைசி வரி படக்காரர்களின் வாட்சப் குழுக்களில் சுற்றியது. ஏதோ மிருகக்காட்சிசாலைச் சிறுத்தையைப் பாறையில் ஒட்டிவிட்டான் கோவில்பட்டிக்காரன் என்று யாரோ எழுதினார்கள். அதற்கு நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

பரிசு போனதைப் பற்றி அண்ணன் பேசியதே இல்லை. பாறையில் அது இருந்தது, அதைத் தான் பார்த்தோம் என்பதே இல்லாமல் போய்விட்டதுதான் அவரை அரித்தது. அசல் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். தங்கச்சி சாட்சி சொன்னால் யார் கேட்பார்கள்.

ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, இசக்கிமுருகனுக்குக் கொடுக்கக் கொண்டுபோயிருந்தார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு அண்ணாச்சி. இது யாரு? நம்ம கிழிகாதிய எடுக்கவே இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அதை வீட்டில் வந்து சொன்னபோது மதினி சிரித்துவிட்டாள். அண்ணனும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

சில நாள் கழித்து, ஸ்டூடியோவில் யாரும் இல்லாதபோது, ஏன் அந்தக் காதைத் தொட்டீர்கள் என்று நான் கேட்டேன். அவர் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

"ஒன் காதப் பாத்தவிய யாரும் ஒன் மூஞ்சியப் பாக்கலட்டி. அதுக்கும் அப்படி ஆயிரக் கூடாதுன்னு கை தன்னால போயிட்டு."

அடுத்த படத்துக்குப் போய்விட்டு அவரே, "அதுக்கு அந்தக் கவலையே கெடையாதுன்னு இப்பதான் தோணுது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் டச்சிங் செய்வதை நிறுத்திவிட்டார். அறிவிப்பெல்லாம் இல்லை. வந்த முகத்தை வந்தபடி கொடுக்க ஆரம்பித்தார். ஜனங்களுக்குக் கோபம் வந்தது. என் மகள் இவ்வளவு கறுப்பா என்று ஒருவர் படத்தைக் கவுன்டர்மேல் எறிந்துவிட்டுப் போனார். வேலை குறைந்தது. மதினி பொறுத்துப் பார்த்துவிட்டு, அண்ணனுக்குத் தெரியாமல் சில படங்களைச் செண்பகராஜ் அண்ணாச்சியிடம் கொடுத்து டச்சிங் செய்து வாங்கிக் கொடுத்தாள். அண்ணனுக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை.

சனிக்கிழமைப் பயணம் மட்டும் நிற்கவில்லை. கிழிகாதியை இன்னொரு முறை, அதே பாறையில், அந்தக் காதோடு எடுக்க வேண்டும். அவ்வளவுதான். இந்தமுறை அசலை அழிக்காமல் வைக்க இரண்டு கார்டு தனியாக வாங்கினார். அவற்றை விசேஷத்துக்குத் தொடவே மாட்டார். டீக்கடையில் செண்பகராஜ் அண்ணாச்சி ஒருநாள் அவரை மறித்துக்கொண்டு, நான் பார்சல் வாங்க நிற்கும்போதே கேட்டார்.

"ஏலே, கெடைச்சா மட்டும் என்ன ஆவப்போவுது? கிழிஞ்சத ஒட்டத் தெரிஞ்சவனுக்கு, நல்லா இருக்கிறதக் கிழிக்கத் தெரியாதாம்பானுவ. நீயே கிழிச்சன்னு சொல்லுவானுவ."

"சொல்லட்டும்லே" என்றார் அண்ணன். "அத ஒருக்க அது மாதிரியே எடுத்து வச்சிரணும். பாக்கிறவன் பாக்கட்டும், போறவன் போட்டும்."

ஐந்து வருஷம் போனார். எடுத்ததெல்லாம் மயில், மிளா மான், கீரி, ஒருமுறை கரடி. வேறு ஒரு ஆண் சிறுத்தைகூட ஒருநாள் பாறைக்கு வந்ததாம். அழகாக இருந்தது, இரண்டு காதும் முழுசாக இருந்தன என்று சொல்லிவிட்டு அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாமல் வைத்துவிட்டார். எனக்கு அது வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருந்தது. சிறுத்தைப் படம் கிடைத்தும் அவருக்கு வேண்டிய சிறுத்தை அது இல்லை.

தூக்கத்திலேயே நெஞ்சு நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மலையடிவாரத்திலிருந்து ஆம்புலன்சில் கொண்டுவந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. இசக்கிமுருகனும் கூடவே வந்திருந்தார். காக்கிச் சட்டையை மாற்றக்கூட இல்லை. கேமராவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆள் ஆளுக்கு அழுதார்கள். நான் அழவில்லை. பந்தலுக்கு ஆள் சொல்ல வேண்டியிருந்தது, கல்லூரிக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். செண்பகராஜ் அண்ணாச்சி, தானே உட்கார்ந்து செய்தது. அண்ணனுக்குத் தாடையில் ஒரு வெட்டுத்தழும்பு உண்டு. சின்ன வயதில் காய்ந்த பருத்திமார்க் குச்சியில் விழுந்தது. பிளக்ஸில் அது இல்லை. முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கமெல்லாம் போய், நெற்றி பளபளவென்று இருந்தது. யாரோ போல் இருந்தார். அண்ணாச்சி அதன் கீழே நின்று வருகிறவர்களைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. ராத்திரிவரை அங்கேயே நின்றார். அவரிடம் நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்போடு செய்திருந்தார். அண்ணனிடமிருந்தே கற்றுக்கொண்ட கை அது.

மறுநாள் சுடுகாட்டில் சாம்பல் அள்ளுகிற காடாற்று முடிந்து எல்லோரும் போன பிறகும் இசக்கிமுருகன் போகவில்லை. மதினி அவருக்குச் சோறு போட்டாள். இலை முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"கிழிகாதி போன மழைக்கு முன்னாடியே செத்துப் போச்சு அக்கா. ஓடைக்கு மேல கெடந்துச்சு. காயம் ஒண்ணும் இல்ல, வயசாயிட்டு. பல்லெல்லாம் தேஞ்சிருந்துச்சு. காத வச்சுத்தான் நான் அடையாளம் சொன்னேன். ஆபீசர்மாருங்க வந்து பாத்து, அங்கனயே எரிச்சிட்டோம்."

இலையோரத்தை விரலால் மடித்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"அண்ணாச்சிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு வாரமும் நெனைப்பேன். புளிச்சாதத்தப் பிரிச்சு எனக்குப் பாதி வச்சிட்டு சாக்குக்குள்ள கண்ண வச்சிட்டு இருப்பாவ. வாயே வரல அக்கா."

ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட அண்ணன் செத்துப்போன ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறார். எனக்கு இசக்கிமுருகன்மேல் கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மதினிதான் பேசினாள்.

"சொல்லாததே நல்லது தம்பி. சொல்லியிருந்தா வீட்டுலயே உக்காந்து செத்திருப்பாவ. அங்கனயாவது அவியளுக்குப் பிடிச்ச எடத்துல போனாவ. நீங்க சாப்பிடுங்க."

அவர் ஒரு கவளம் எடுத்தார். பிறகு, யாரிடமும் இல்லாமல் சொன்னார். "முன்னல்லாம் வண்டிய நிறுத்துறதுக்கு முன்னாடியே 'வந்தாளா'ம்பாவ. கொஞ்ச மாசமா அவியளும் கேக்கல. ஏன் கேக்கலன்னு எனக்கு இப்பத்தான் நெனைப்பு ஓடுது."

அண்ணனுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா. எரித்த இடத்தில் புல் வேறு மாதிரி முளைத்திருக்கும். ஜன்னலிலிருந்து அது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. இனி கேட்டும் ஆகப்போவதில்லை.

அந்த வாரக் கடைசியில் நான் ஸ்டூடியோவைத் திறந்தேன். துண்டில் சுற்றியிருந்த கேமராவிலிருந்து கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். பாறை இருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் பாறை, வெளிச்சம் இறங்கிய பிறகு பாறை, இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் சாம்பல் நிறத்தில் பாறை. எல்லாம் கூர்மையாக, நன்றாக எடுத்த படங்கள். ஒன்றிலும் எதுவும் இல்லை. அவர் சொல்லியிருந்தபடியே அவற்றை அழிக்காமல், கார்டைக் கழற்றி மேசை டிராயரில் வைத்தேன்.

கம்ப்யூட்டரில் வெள்ளிக்கிழமைத் தேதி போட்ட ஒரு கோப்பும் இருந்தது. என் பெயரில் இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. கல்லூரியில் புது அடையாள அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று வேறு சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் போய் நீலத்திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பழக்கத்தில் முடியை இடது பக்கம் இழுத்துவிட்டு, "காதப் பாத்துக்கோங்கண்ணே" என்றேன். அவர் வந்து அந்த முடியைப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

"வேண்டாம்ட்டி. அப்படியே இருக்கட்டும். என்னைப் பாரு" என்றார்.

நான் பார்த்தேன். எடுத்தார். மதினி கீழே கடையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் உடனே கிளம்ப வேண்டியிருந்தது. திங்கட்கிழமை தருகிறேன் என்று படியில் இறங்கும்போது சொன்னார்.

கோப்பைத் திறந்தேன். அவர் அதில் எதையும் தொட்டிருக்கவில்லை. கன்னத்துத் தழும்பு அப்படியே இருந்தது. இடது காது, சுருங்கிப்போய் மடிந்த அந்தப் பாதிக் காது, வெளிச்சத்தில் தெளிவாக இருந்தது. ஐந்து வயதுக்குப் பிறகு என் காது உள்ளபடியே இருக்கிற படம் இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றின் மேலும் அவர் எழுதிவிட்டார்.

பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டி, ஒரு தாளில் எட்டாக அடுக்கி, பிரிண்டருக்கு அனுப்பத் தயாராக வைத்திருக்கிறார். எட்டு காப்பியும் இன்னும் பிரிண்ட் ஆகவில்லை.